சேர்வராயன் மலையில் பழைய வேட்டைத் துப்பாக்கி வைத்திருக்கும் வீட்டாருக்கு

காப்பித் தோட்டக் குடும்பத்தினருக்கும் மலைக் கிராமங்களின் பெரியவர்களுக்கும்,

ஆளுக்கென்று அளவெடுத்துச் செய்த வேட்டைத் துப்பாக்கியை அதன் கட்டையிலேயே கண்டுகொள்ளலாம். தோளில் பதியும் பின்முனையிலிருந்து விசை வரை உள்ள நீளம், சுடுபவரின் கைக்கு ஏற்ப அமைந்திருக்கும். வலக்கைக்காரருக்குக் கட்டை மிக லேசாக வலப்புறம் சாய்ந்திருக்கும். கன்னத்தை வைத்தவுடன் கண் தானாகவே குறிக்கு நேராக வரும் அளவுக்கு அதன் மேல்விளிம்பு இறக்கப்பட்டிருக்கும். உங்கள் பாட்டனார் காலத்தில் வீட்டுக்கு வந்த ரைஃபிள் உங்கள் தோளுக்குப் பொருந்தவில்லையா? அது துப்பாக்கியின் பழுது அன்று, வேறொருவருடைய உடம்பின் அளவு. லண்டனிலோ பர்மிங்காமிலோ அளவு கொடுத்துச் செய்வித்த ஒருவர் அதை ஏற்காட்டுக்குக் கொண்டுவந்தார். பிறகு தோட்டம் கைமாறியபோது பங்களாவோடும் நாற்காலி மேசைகளோடும் சேர்ந்து அதுவும் கைமாறியது. அந்த அளவு யாருடையது என்று உங்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழி இருக்கிறது என்பதும் தெரியாது.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலையில் காப்பியை ஊன்றினார். அதன் பிறகு ஒன்றேகால் நூற்றாண்டுக் காலம் தோட்டத்துரைமார் வந்து போனார்கள். அவர்கள் விட்டுச் சென்ற துப்பாக்கிகளை நீங்கள் விலையால் மட்டும் ஒப்பிடுகிறீர்கள்: எது அதிகம் போகும், எது போகாது என்று. செய்தவரின் கைவேலையால் ஒப்பிட்டால்தான் கையில் இருப்பது என்ன என்று புரியும்.

முதலில் ரிக்பி. ஜான் ரிக்பி நிறுவனம் 1775-ல் டப்ளினில் தொடங்கி, 1865-ல் லண்டனிலும் கடை திறந்தது. அந்தக் குடும்பத்து ஜான் ரிக்பி 1887 முதல் 1894 வரை என்ஃபீல்டு அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையின் கண்காணிப்பாளராக இருந்தவர். ராணுவத் துப்பாக்கியின் உறுதியும் வேட்டைத் துப்பாக்கியின் நுணுக்கமும் அவரிடம் ஒன்றாகக் கூடின. தோட்டாவை ஏற்றிப் பூட்டும் பொறியை, அதாவது ஜெர்மனியின் மவுசர் ஆக்‌ஷனைத் தருவித்து, குழலும் கட்டையும் தன் பட்டறையில் சேர்த்து ரிக்பி விற்ற போல்ட் ரைஃபிள்கள்தாம் இந்தியக் காடுகளில் அதிகம் பேசப்பட்டவை. அவற்றில் பகட்டு குறைவு. போல்ட்டைத் தூக்கி இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். தோட்டாவின் அடியை அகலமான நகம் ஒன்று பற்றி வெளியே எடுத்துவிடும். சேறு பட்டாலும் மழை நனைத்தாலும் இந்த வேலை நிற்பது அரிது. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை 1907-ல் கொன்றதற்காக ஜிம் கார்பெட்டுக்கு ஐக்கிய மாகாணங்களின் லெப்டினன்ட் கவர்னர் ஹியூவெட் பரிசளித்தது .275 ரிக்பி. கட்டையில் பதித்த சின்ன உலோகத் தகட்டில் யார், யாருக்கு, எதற்காகக் கொடுத்தார் என்று எழுதியிருந்தது. அந்தத் தகடு இல்லையென்றால் அது இன்னொரு பழைய மவுசர், அவ்வளவுதான். 2015-ல் அதே ரிக்பி நிறுவனம் தேடிப்போய் அதைத் திரும்ப வாங்கியது.

ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் 1835-ல் லண்டனில் தொடங்கியது. ‘ஃபீல்டு’ பத்திரிகை 1883-ல் நடத்திய ரைஃபிள் போட்டியில் எல்லாப் பிரிவுகளிலும் வென்று பெயர் பெற்றது. அதன் ‘ராயல்’ இரட்டைக்குழல் ரைஃபிளில் சுடும் பொறியான பூட்டு இரண்டு பக்கத் தகடுகளில் அமைந்திருக்கும். தகட்டின் உட்புறத்தை வெளிப்புறத்தைப் போலவே மெருகேற்றியிருப்பார்கள். யாரும் பார்க்காத இடத்தில் செலவழித்த உழைப்புதான் ஹாலண்டின் அடையாளம். 1912-ல் வெளிவந்த அதன் .375 மேக்னம் தோட்டா கூம்பு வடிவில் நன்றாகச் சரிந்திருக்கும், அடியில் ஒரு வளையம் இருக்கும். வெயிலில் தோட்டாவின் அழுத்தம் ஏறினாலும் குழலில் ஒட்டாமல் வெளியே வருவதற்கு அந்தச் சரிவு உதவுகிறது. ஹாலண்டின் இன்னொரு சரக்கு ‘பாரடாக்ஸ்’. பார்க்கச் சாதாரண ரவைத் துப்பாக்கி. ஆனால் குழலின் கடைசிச் சில அங்குலங்களில் மட்டும் சுருள்வரி வெட்டியிருக்கும். கோழிக்கு ரவையும் கரடிக்குக் குண்டும் ஒரே குழலில் போகும். ஃபாஸ்பெரி என்ற ராணுவ அதிகாரி 1885-ல் காப்புரிமை பெற்ற யோசனை அது. உங்கள் வீட்டில் ‘சாதாரண 12 போர்’ என்று ஒதுக்கிவைத்த துப்பாக்கியின் வாய்க்குள் வெளிச்சம் விட்டுப் பாருங்கள். வரிகள் தெரிந்தால் அது சாதாரணமானது அன்று.

வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் 1812-ல் பர்மிங்காமில் பிறந்தது. அங்கே வேலை பார்த்த ஆன்சனும் டீலியும் 1875-ல் பூட்டைப் பக்கத் தகட்டிலிருந்து எடுத்து ஆக்‌ஷன் பெட்டிக்குள்ளேயே வைத்தார்கள். உறுப்புகள் குறைந்தன, உறுதி கூடியது. உலகெங்கும் இன்றும் செய்யப்படும் இரட்டைக்குழல் துப்பாக்கிகளில் பல அந்த யோசனையின் வழிவந்தவை. 1897-ல் அந்த நிறுவனம் இன்னும் ஒரு படி போனது. துப்பாக்கியின் அடித்தகட்டைத் திறந்தால் பூட்டுகள் இரண்டையும் திருப்புளி இல்லாமல் கையாலேயே எடுத்துவிடலாம். துடைத்து, எண்ணெய் போட்டு, மறுபடி பொருத்தலாம். வாங்கியவருக்கு உபரியாக ஒரு ஜோடிப் பூட்டும் கொடுத்தார்கள். மாதக்கணக்கில் பனி இறங்கும் ஏற்காடு போன்ற மலையில், துப்பாக்கி மேஸ்திரி இல்லாத ஊரில், ஒருவர் தனக்கென்று செய்வித்துக்கொள்ளக்கூடிய மிகச் சிறந்த இரட்டைக்குழல் ரைஃபிள் இதுதான். அழகில் ஹாலண்டை எட்டாது. ஆனால் இடத்தை அறிந்து செய்தது.

டபிள்யூ. ஜே. ஜெஃப்ரியின் பெயர் பொறித்தவற்றை மட்டமாக நினைப்பவர்கள் உண்டு. அது நியாயமில்லை. ஜெஃப்ரி தன் பெயரில் விற்ற பல துப்பாக்கிகளை பர்மிங்காம் தொழிலாளர்களிடம் செய்வித்து வாங்கினார், அதனால் விலை குறைந்தது. ஆனால் அந்தத் தொழிலாளர்களே பெரிய பெயர்களுக்கும் வேலை செய்து கொடுத்தவர்கள். 1905-ல் வந்த .404 ஜெஃப்ரி சாதாரணச் சம்பளக்காரரான வன அதிகாரிக்கும் எட்டிய கனரகத் துப்பாக்கி. கார்பெட்டிடமும் .450/400 ஜெஃப்ரி இரட்டைக்குழல் ஒன்று இருந்தது. லண்டனின் பர்டி நிறுவனம் செய்த ரைஃபிள்கள் எண்ணிக்கையில் குறைவு. அந்நிறுவனத்தின் பெயர் பறவைத் துப்பாக்கியில்தான் நிலைத்தது.

குழலின் மேல் ‘மேன்டன், கல்கத்தா’ என்றோ ‘பி. ஓர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்’ என்றோ இருந்தால் அவசரப்படாதீர்கள். அவை விற்ற கடைகளின் பெயர்கள். செய்தவரின் அடையாளம் குழலின் அடிப்புறத்திலும் ஆக்‌ஷனின் தட்டையான பாகத்திலும் இருக்கும். முன்கட்டையைக் கழற்றிக் குழலைப் பிரித்தால் அங்கே சோதனை முத்திரைகள் தெரியும். லண்டன் துப்பாக்கிக் கைவினைஞர் சங்கம் 1637 முதலும் பர்மிங்காம் சோதனைச்சாலை 1813 முதலும் ஒவ்வொரு குழலையும் வழக்கத்தைவிட அதிக மருந்திட்டு வெடித்துப் பார்த்து முத்திரை குத்தின. புகையில்லா மருந்துக்குச் சோதித்திருந்தால் லண்டன் முத்திரையில் வாளேந்திய கை ஒன்று இருக்கும். பர்மிங்காம் முத்திரையில் கிரீடம் இருக்கும். எவ்வளவு கார்டைட் மருந்து, எத்தனை கிரெயின் எடையுள்ள குண்டு என்பதுகூடப் பல ரைஃபிள்களில் பொறிக்கப்பட்டிருக்கும். முகவரியும் காலத்தைச் சொல்லும். ரிக்பியின் குழலில் செயின்ட் ஜேம்ஸ் தெரு 72 என்றிருந்தால் அது சாக்வில் தெரு 43 என்றிருப்பதைவிட மூத்தது. குழலின் உள்விட்ட அளவும் ஒரு தடயம். 1907-ல் ஆங்கிலேய அரசு .450 ரைஃபிள்களையும் தோட்டாக்களையும் இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை விதித்தது. கிளர்ச்சிக்காரர்கள் கையிலிருந்த பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகளுக்கு அந்தக் குண்டுகள் பயன்படும் என்ற அச்சமே காரணம். உடனே ஒவ்வொரு நிறுவனமும் மாற்று அளவு தேடியது. ஹாலண்ட் .465-ஐயும் ஜோசப் லாங் .470-ஐயும் கொண்டுவந்தது அப்படித்தான். உங்கள் வீட்டு இரட்டைக்குழலில் .450 என்றிருந்தால் அது அநேகமாகத் தடைக்கு முன்பே கப்பலேறியது.

இரட்டைக்குழல் ரைஃபிளில் விலையுயர்ந்த வேலை எது தெரியுமா? செதுக்கு வேலை அன்று. இரண்டு குழல்களையும் ஒரே இடத்தில் அடிக்கவைப்பது. குழல்களை இணைத்து ஈயப்பற்று வைத்தபின், வாய்முனையில் சிறு ஆப்பு செருகிச் சுட்டுப் பார்ப்பார்கள். குண்டுகள் விலகினால் பற்றை உருக்கி, ஆப்பை நகர்த்தி, மறுபடி சுடுவார்கள். இரண்டும் ஒன்றுசேரும் வரை இது நடக்கும். அப்படிப் பழக்கிய துப்பாக்கி ஒரே வகைத் தோட்டாவுக்குத்தான் சரியாக அடிக்கும். வெப்பமும் அதைக் குலைக்கும். கார்டைட் மருந்து சூட்டில் அதிக வேகம் கொள்ளும் என்பதால் வெப்ப நாடுகளுக்கென மருந்து குறைத்த தோட்டாக்களைத் தனியே செய்தார்கள். சேலத்து மே மாத வெயிலும், இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே ஏற்காட்டின் விடிகாலைப் பனியும் ஒரே தோட்டாவுக்கு இரண்டு வேறு நாடுகள். ஆகவே, ‘தாத்தா துப்பாக்கி இன்னும் சுடுமா, பார்ப்போம்’ என்று எங்கோ கிடைத்த தோட்டாவைப் போட்டுச் சோதிக்காதீர்கள். பழைய கேப்புகளில் இருந்த பொட்டாசியம் குளோரேட் சுட்டபின் உப்பாகக் குழலில் படிந்துவிடும். வெந்நீர் ஊற்றிக் கழுவாமல் வைத்த குழலை இந்த மலையின் ஈரம் உள்ளேயிருந்து தின்றிருக்கும். வெளியே மினுங்கினாலும் உள்ளே சுவர் மெலிந்திருக்கலாம்.

மலைக் கிராமத்தாரே, இதுவரை சொன்னது பங்களாக்காரர்களின் கதை என்று நினைத்துவிடாதீர்கள். ஆளுக்கென்று செய்த துப்பாக்கி உங்கள் பக்கமும் உண்டு. கொல்லர் பட்டறையில் உருவான ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி, வாய்வழியே மருந்து கெட்டிப்பது, எஸ்.பி.எம்.எல். என்று உரிமத்தாளில் எழுதப்படுவது. பயிரைக் காக்க அரசே அதற்கு உரிமம் கொடுத்த காலமும் உண்டு. லண்டன் துப்பாக்கிக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு அழகில் இல்லை, சோதனையில் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு குழலையும் வாங்குபவர் கைக்கு வருமுன் வெடித்துப் பார்த்தார்கள். இங்கே முதல் சோதனையே வைத்திருப்பவரின் முகத்துக்கு அருகில் நடக்கிறது. குழலாகப் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாயின் இரும்பு, வெடிமருந்தின் அழுத்தத்தை எண்ணிச் செய்ததன்று. பின்வாய் அடைப்பு பிய்த்துக்கொண்டால் அது பின்னோக்கித்தான் வரும். மருந்தை அளக்கும் கை கொஞ்சம் தாராளமாகப் போனாலும் போதும்.

ஆனாலும் அந்தக் கொல்லரின் வேலையை இழிவாகப் பேசுவது தவறு. எதிரே கஞ்சமலையில் இரும்புத் தாது இருக்கிறது. 1830-ல் பரங்கிப்பேட்டையில் ஹீத் என்பவர் தொடங்கிய இரும்பாலைக்குச் சேலத்துத் தாதுதான் போனது. அதற்கு வெகுகாலம் முன்பே இந்தப் பக்கத்து உலைகள் இரும்பு உருக்கின. 1792 வரை சேலத்தை ஆண்ட திப்புவின் பட்டறைகளில் செய்த துப்பாக்கிகளில் செய்தவர் பெயரும் ஊரும் ஆண்டும் பொறிக்கப்பட்டன. லண்டன்காரருக்கு இணையாகக் கையெழுத்திட்ட கைவினைஞர்கள் இந்த மண்ணிலும் இருந்தார்கள். பிறகு வந்த ஆட்சி 1878-ன் ஆயுதச் சட்டத்தால் இந்தியர் கையில் துப்பாக்கி இருப்பதையே உரிமத்துக்குள் அடைத்தது. உரிமம் இல்லாத வேலையில் பெயர் பொறிப்பவர் யார்? பங்களாவில் இருக்கும் துப்பாக்கிக்குப் பெயரும் எண்ணும் இருக்கின்றன; குடிசையில் இருப்பதற்கு எதுவும் இல்லை. இது திறமையின் வேறுபாடு மட்டுமே என்று யாரும் நினைக்கக் கூடாது.

இப்போது சட்டம் இரு தரப்பாரையும் ஒரே இடத்தில் நிறுத்துகிறது. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் வேட்டையை முடித்துவைத்தன. காப்பிச் செடிகளுக்கிடையே இறங்கிவரும் காட்டெருமை அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு. பயிரைக் காக்க அதைச் சுட எவருக்கும் உரிமை இல்லை. காட்டுப்பன்றி கிழங்கைத் தோண்டிப் போட்டால் வரும் வயிற்றெரிச்சல் நியாயமானது. அதற்குரிய இழப்பீட்டை வனத்துறையிடம் உரத்துக் கேளுங்கள். பரணில் மறைத்த துப்பாக்கி அதற்கு விடையாகாது; பன்றி என்று நினைத்து இருட்டில் சுட்டது மனிதராக இருந்தால் எந்த இழப்பீடும் அதைச் சரிசெய்யாது. 2019-ன் ஆயுதச் சட்டத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. பாட்டன் சொத்தாக வந்தவற்றுக்கும் அதே வரம்புதான். உரிமமில்லாமல் வைத்திருப்பதற்கான தண்டனையையும் அது கூட்டியது.

அந்தத் திருத்தத்துக்குப் பின் நடப்பதுதான் வேதனை. மூன்றாவது துப்பாக்கியை என்ன செய்வதென்று தெரியாமல் துப்பாக்கிக் கடைக்காரரின் கிடங்கில் போட்டுவிட்டு, வாடகையும் கட்டாமல் மறந்துபோன வீடுகள் உண்டு. உரிமம் வைத்திருந்த பெரியவர் இறந்தபின், பிரச்சினை வேண்டாம் என்று எண்ணையும் பெயரையும் அரத்தால் தேய்த்துவிட்டுக் கிணற்றில் போட்டவர்கள் உண்டு. குழல் ஒருவரிடம், பூட்டு ஒருவரிடம், வெள்ளித்தகடு பதித்த பெட்டி ஒருவரிடம் என்று பிரித்து விற்றவர்களும் உண்டு. பிரித்துவிட்டால் மூன்றும் பழைய இரும்பு. எண்ணைத் தேய்த்தால் அந்தத் துப்பாக்கி யாருடையது என்பது அந்த நொடியே அழிந்துவிடும். தேய்ப்பது தனியொரு குற்றமும்கூட.

அழியாமல் குறித்துவைப்பதற்கு ஒரு முன்மாதிரி உங்கள் ஊரிலேயே வாழ்ந்தார்: ராபர்ட் புரூஸ் ஃபுட். 1863-ல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்த அந்த நிலவியலாளர் பிற்காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தார். ஏற்காட்டு ஹோலி டிரினிட்டி தேவாலய வளாகத்தில் அவருடைய நினைவிடம் இருக்கிறது. இந்த மலையில் மெருகேற்றிய கற்கோடரிகளை அவர் சேகரித்தார். ஒவ்வொன்றும் எங்கே கிடைத்தது என்பதையும் சேர்த்தே எழுதிவைத்தார். அவர் திரட்டியதைச் சென்னை அருங்காட்சியகம் 1904-ல் வாங்கியது, அதன் விளக்கப் பட்டியல் அவர் இறந்தபின் 1914-லும் 1916-லும் அச்சானது. இடம் எழுதாமல் விட்டிருந்தால் அந்தக் கோடரிகள் வெறும் வழவழப்பான கற்களாகியிருக்கும். கல்லாயுதத்துக்கு அவர் செய்ததை இரும்பாயுதத்துக்கு நீங்கள் செய்யலாம்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். தோட்டக் குடும்பத்தினரே, துப்பாக்கியைக் கொடுக்கும் முன்போ ஒப்படைக்கும் முன்போ அதைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். குழலின் மேலே உள்ள பெயர், முகவரி, எண், அடியில் உள்ள முத்திரைகள், கட்டையில் தகடு இருந்தால் அதன் எழுத்து, எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ரிக்பி, ஹாலண்ட், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ், பர்டி ஆகியவை இன்றும் இயங்குகின்றன. பழைய கணக்கேடுகளை வைத்திருக்கின்றன. எண்ணை எழுதிக் கேட்டால் எந்த ஆண்டு, யாருக்காகச் செய்யப்பட்டது என்று பதில் வரக்கூடும். உங்கள் தோட்டத்தின் பழைய பத்திரங்களில் வரும் ஒரு பெயர் அந்த ஏட்டிலும் இருக்கக்கூடும். பிறகு, சுடப் பயன்படாத துப்பாக்கியை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் அனுமதியோடு சேலம் அரசு அருங்காட்சியகத்துக்கோ எழும்பூர் அருங்காட்சியகத்துக்கோ கொடுக்க எழுதிக் கேளுங்கள். பெட்டி, பூட்டு, எண்ணெய்க் குப்பி, ரசீது எதையும் பிரிக்காமல் ஒன்றாகக் கொடுங்கள்.

மலைக் கிராமப் பெரியவர்களே, உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகளைத் தாமாக ஒப்படைக்கும்படி காவல்துறை அறிவிக்கும்போது பின்வாங்காதீர்கள். இளைஞர்கள் தனித்தனியே போய் அஞ்சி நிற்பதைவிட ஊர்ப் பெரியவர் முன்னின்று, வழக்கறிஞர் ஒருவரையும் துணைக்கு அழைத்துப் பேசுவது நல்லது. ஒப்படைக்கும் முன், காலமாகிவிட்ட கொல்லர்களின் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். எந்த ஊரில் உலை இருந்தது, கட்டைக்கு என்ன மரம் வெட்டினார்கள், துப்பாக்கிக் குதிரையின் சுருள்வில்லை எதிலிருந்து எடுத்தார்கள் என்பதெல்லாம் இன்று எண்பது வயதைத் தாண்டிய சிலருக்கு மட்டுமே தெரியும். ரிக்பிக்கு ஏடு இருக்கிறது. உங்கள் கொல்லருக்கு அவர்களின் நினைவுதான் ஏடு.

5,326 அடி உயரத்தில், குகைக்குள் இருக்கும் சேர்வராயன் கோயிலுக்கு ஆண்டுதோறும் மே மாதத் திருவிழாவில் மலையின் எல்லா ஊர்களும் ஏறிவருகின்றன. தோட்டக்காரர்களும் வருகிறார்கள். வரும் திருவிழாவுக்குத் துப்பாக்கி எதையும் கொண்டுவராதீர்கள். ஏட்டிலிருந்து வந்த பெயர்களையும் கொல்லர்களின் பெயர்களையும் எழுதிய தாளைக் கொண்டுவாருங்கள். குகை வாசலில் ஊர்ப் பெரியவர்களும் தோட்டத்தாரும் உட்கார்ந்து, ஒருவர் கொண்டுவந்ததை மற்றவருக்குப் படித்துக் காட்டுங்கள்.